இலக்கணம் யார் வீட்டுச் சொத்து?



இரட்டைமலை சீனிவாசன் நினைவாக நடக்கும் கூட்டம் இது. நில உரிமை, இட ஒதுக்கீடு, வன்கொடுமை வழக்குகள் என்று பெரிய விஷயங்களைப் பேசும் மேடை. நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது சிறிய விஷயம் போலத் தெரியலாம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கிற நம் பிள்ளை ஆங்கிலத்தை எப்படிக் கற்றுக்கொள்வது என்பதுதான் அது. இலக்கணம் படித்தும் புத்தகம் வாசித்தும் கற்க வேண்டும் என்பது என் கருத்து. மற்ற பெரிய விஷயங்கள் எல்லாம் இதற்குள்ளே வந்துவிடும் என்று நினைக்கிறேன். சீனிவாசனை நினைக்கிற நாளில் இதைப் பேசுவதற்குக் காரணமும் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

பட்லர் இங்கிலீஷ்

ஆங்கிலம் நமக்குப் புதிதாக வந்த மொழி என்று பலர் நினைக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரன் வீட்டில் சமையல்காரராகவும் பட்லராகவும் குதிரைக்காரராகவும் ஆயாவாகவும் நுழைந்தவர்களில் நம் மக்கள் நிறையப் பேர். பட்டாளத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. இவர்கள் யாரும் பள்ளிக்குப் போய் ஆங்கிலம் படித்தவர்கள் அல்ல. காதால் கேட்டு வாயால் பேசினார்கள். அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் என்ற துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் கையிலிருந்த திருக்குறள் ஏட்டுப் பிரதிகள்தான் எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தன. இதை அயோத்திதாசரே பதிவு செய்திருக்கிறார்.

அப்படிப்பட்டவர்கள் பேசிய ஆங்கிலத்துக்குக் கிடைத்த பெயர் 'பட்லர் இங்கிலீஷ்'. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற ஆங்கிலோ இந்தியச் சொல் அகராதியில், சென்னை மாகாண வேலைக்காரர்கள் பேசும் உடைந்த ஆங்கிலம் என்று அதற்கு ஒரு பதிவே இருக்கிறது. இன்றைக்கும் யாராவது தப்பும் தவறுமாக ஆங்கிலம் பேசினால் 'பட்லர் இங்கிலீஷ்' என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து முதலில் சிரிக்கப்பட்டது என்பது சிரிக்கிறவர்களுக்குத் தெரியாது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பேச்சு ஆங்கிலம் நம்மிடம் ஒரு காலத்தில் இருந்தது. அது சோறு போட்டது. துரை வீட்டு அடுக்களை வரை கொண்டுபோய் விட்டது. அதற்கு மேல் அது போகவில்லை. அதற்கு மேலே போனது எழுத்து.

மனு எழுதிய கை

சீனிவாசன் செங்கல்பட்டுப் பகுதியில் கோழியாளத்தில் பிறந்தவர். கோயம்புத்தூரில் அவர் படித்த கலாசாலையில் ஏறத்தாழ நானூறு மாணவர்கள். பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் பிராமணர்கள் என்று 1939இல் வெளியிட்ட தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதுகிறார். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் யாரோடும் சேராமல் தனியாக இருந்ததையும் எழுதுகிறார். விளையாட்டு இல்லை, பேச்சுத் துணை இல்லை. இருந்தது புத்தகம் மட்டும்தான்.

1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அப்படி நடத்தினால் அதிகாரம் முழுவதும் சாதி இந்துக்கள் கைக்குப் போய்விடும் என்று சொல்லி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்தோடு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அன்று அவர் எடுத்த நிலைப்பாட்டைப் பற்றி இன்று விவாதிக்கலாம். ஆனால் சேரியின் குரல் சேரியின் கையால் எழுதப்பட்டு லண்டனுக்குப் போயிற்று. இடையில் எந்த வக்கீலும் எந்தத் தலைவரும் நின்று நமக்காகப் பேசவில்லை.

பிறகு தென்னாப்பிரிக்கா போனார். அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். திரும்பி வந்து சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். 1924இல் பொதுச் சாலை, பொதுக் கிணறு, சந்தை எல்லாம் எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனார். சந்தை கூடுகிற ஊர் நம் அவலூர்பேட்டை. இந்தச் சந்தையில் நாம் நடப்பதற்குப் பின்னால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு தீர்மான வாசகமும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ராம்ஜி வீட்டுப் பாடம்

அம்பேத்கர் ஆங்கிலம் கற்ற கதையைப் பலர் கொலம்பியாவில் தொடங்குகிறார்கள். அது அப்பா ராம்ஜி சக்பாலிடம் தொடங்குகிறது. ராம்ஜி ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஹோவர்டின் ஆங்கிலப் பாடப் புத்தகங்களையும் தர்கட்கரின் மொழிபெயர்ப்புப் பாடமாலையையும் அவர் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். தர்கட்கர் புத்தகம் மராத்தி வழியாக ஆங்கில இலக்கணம் சொல்லித்தரும் புத்தகம். ஒரு விதி, அதற்குச் சில வாக்கியங்கள், பிறகு மராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து மராத்திக்கும் மொழிபெயர்ப்பு என்று போகும்.

பம்பாயில் ஒரே அறை வீடு. மகனைச் சீக்கிரம் தூங்கவைத்துவிட்டு அப்பா விழித்திருந்து, இரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பார். பாடப் புத்தகத்துக்கு வெளியே மகன் கேட்ட புத்தகங்களை வாங்கப் பணம் இல்லாதபோது, கட்டிக்கொடுத்த மகள்களிடம் நகை வாங்கி அடகு வைத்தார். 1907இல் அந்தப் பையன் மெட்ரிகுலேஷன் தேறியபோது வாங்கிய மதிப்பெண் 750க்கு 282. பத்தாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண் வாங்கிவிட்டு வீட்டில் முகம் கொடுக்காமல் இருக்கும் பிள்ளைகள் இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். அது மறுக்கப்பட்டதால் பாரசீகம் எடுத்தார். மறுக்கப்பட்ட மொழி எது, திறந்திருந்த மொழி எது என்பதும் இதில் தெரிகிறது.

கடலுக்கு அந்தப் பக்கத்திலும் இதே கதை நடந்தது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸுக்கு எஜமானி எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்; எஜமானன் தடுத்துவிட்டான். தெருவில் வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்துப் பாடம் கற்றார் டக்ளஸ். பன்னிரண்டு வயது வாக்கில் ஐம்பது சென்ட் சேர்த்து 'கொலம்பியன் ஆரேட்டர்' என்ற பள்ளிப் புத்தகத்தை வாங்கினார். சொற்பொழிவுகளைத் தொகுத்த புத்தகம் அது. அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். 1845இல் தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். அம்பேத்கரும் 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பின மக்கள் அனுப்பும் மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். டுபாய்ஸ் பதில் எழுதினார். இரண்டு பேருக்கும் அந்த மொழி எஜமானர்களின் மொழிதான். அதைக் கொண்டுதான் ஒருவர் நிலைமையை இன்னொருவர் தெரிந்துகொண்டார்கள்.

காதும் கண்ணும்

இப்போது நம் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். கடந்த சில பத்தாண்டுகளாக ஒரு கருத்து பரவலாக இருக்கிறது. 'இலக்கணம் வேண்டாம், பேசப் பேச மொழி வரும். குழந்தை தாய்மொழி கற்கிற மாதிரி கற்கட்டும்.' கேட்க நன்றாக இருக்கிறது. சில வீடுகளில் அது உண்மையும்கூட. அப்பா வங்கியில், அம்மா கல்லூரியில், வீட்டில் ஆங்கில நாளிதழ், கைப்பேசியில் வெளிநாட்டு அத்தை என்றால் காது வழியாக ஆங்கிலம் வந்துவிடும்.

நம் பிள்ளைக்கு யார் பேசுவது? அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். அம்மா நூறு நாள் வேலைக்கு அல்லது களை எடுக்கப் போயிருக்கிறார். வாரத்துக்குச் சில மணி நேரம் வகுப்பறையில் கேட்பதுதான் அந்தப் பிள்ளை கேட்கும் மொத்த ஆங்கிலம். காது வழியாக வரும் மொழி குடும்பச் சொத்து மாதிரி. இருக்கிற வீட்டில் பிறந்தவருக்கு உழைப்பில்லாமல் வரும். இல்லாத வீட்டில் பிறந்தவருக்கு வரவே வராது. இலக்கணம் அப்படியல்ல. விதி எழுத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். தெருவிளக்கில் படிக்கலாம், ஆடு மேய்த்துக்கொண்டு படிக்கலாம். சரியா தப்பா என்று பார்க்க வேறொருவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. விதியைப் பார்த்தால் போதும்.

ரென், மார்ட்டின் என்ற இருவர் எழுதிய உயர்நிலைப் பள்ளி ஆங்கில இலக்கணப் புத்தகத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1930களில், இந்தியாவிலிருந்த வெள்ளை அதிகாரிகளின் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. இன்று அதை யார் வைத்திருக்கிறார்கள்? போட்டித் தேர்வுக்குப் படிக்கிற கிராமத்துப் பிள்ளைகள். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு பிரதி எனக்கும் கிடைத்தது. பத்தாம் வகுப்பு விடுமுறையில் ஒரு நாளைக்கு ஒரு பயிற்சி என்று போட்டேன். யாருக்கோ எழுதியது என் கையில் வேலை செய்தது.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலக்கணம் மட்டும் படித்தாலும் ஆங்கிலம் வராது. கைடில் இருக்கிற விடையை மனப்பாடம் செய்து முப்பத்தைந்து வாங்குவது இலக்கணம் படிப்பது ஆகாது. 'வாக்கியத்தை மாற்றி எழுதுக' என்பதில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை, வங்கிப் படிவத்தைப் பார்த்து மிரள்வதை நான் பார்த்திருக்கிறேன். விதி ஏர் என்றால் வாசிப்பு நிலம். உழாமல் ஏரைத் துடைத்து வைத்திருப்பதில் பயனில்லை.

தமிழ் வழியாக ஆங்கிலம்

நம் தமிழே இதற்குப் பெரிய உதவி. தமிழில் 'சந்தைக்கு', 'சந்தையில்', 'சந்தையிலிருந்து' என்று வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்கிற 'டு', 'இன்', 'ஃப்ரம்' முன்னால் தனியாக நிற்கும். 'சந்தையில் மாடு வாங்கிய ஆள்' என்று நாம் சொல்கிறோம்; விவரம் எல்லாம் ஆளுக்கு முன்னால் வருகிறது. ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்துவிடுவார்; 'ஹூ' போட்டு விவரம் பின்னால் வரும். இந்த ஒன்று புரிந்தால் ஆங்கில நீண்ட வாக்கியத்தில் பாதிப் பயம் போய்விடும்.

'ஏ', 'தி' எங்கே போடுவது என்று பிள்ளைகள் திணறுகிறார்கள். பாட்டி கதை சொன்னதை நினைத்துப் பாருங்கள். 'ஒரு ஊர்ல ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு மூணு பொண்ணு.' முதலில் 'ஒரு', தெரிந்த பிறகு 'அந்த'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் தொடங்குவதற்கு இது போதும். எழுத்தறியாத பாட்டியும் இலக்கணம் தெரிந்தவர்தான் என்று பிள்ளைக்குத் தெரிவதும் நல்லது.

இன்னொரு வேற்றுமையையும் நாம் கவனிக்க வேண்டும். தமிழில் நீ, நீங்கள், வா, வாங்க, வாடா என்று படி இருக்கிறது. அந்தப் படியில்தான் சாதியும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அறுபது வயதுத் தாத்தாவைப் பத்து வயதுப் பண்ணை வீட்டுப் பையன் 'வாடா' என்று கூப்பிட்டதைப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். கலெக்டருக்கும் அதுதான், துப்புரவுத் தொழிலாளிக்கும் அதுதான். இதனால் ஆங்கிலத்தில் சாதி இல்லை என்று சொல்ல மாட்டேன். வினைச்சொல்லில் இடம் இல்லாவிட்டால் அது குரலில் வரும், 'சார்' என்பதில் வரும், குடும்பப் பெயர் கேட்பதில் வரும். ஆனால் ஒரு மொழியின் இலக்கணத்தைப் படித்தால் நம் மொழியில் எது இயற்கை, எது நாம் ஏற்றி வைத்த சுமை என்று பார்க்க முடிகிறது.

சட்டத்தின் இலக்கணம்

இது தேர்வோடு முடிகிற விஷயம் இல்லை. கீழ் நீதிமன்றத்தில் தமிழ் நடக்கலாம். உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் ஆங்கிலம்தான். நம் வழக்குகள் அங்கே போய்த்தான் முடிகின்றன.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது குற்றம் என்கிற பிரிவு இருக்கிறது. அது பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது. 'வித்தின் பப்ளிக் வியூ' என்ற மூன்று சொற்கள்தான். 'பப்ளிக் பிளேஸ்', அதாவது பொது இடம், என்று சட்டம் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை 2008இல் சுவரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இடம் தனியாருடையதாக இருக்கலாம். வீட்டு வாசல் கேட்டருகே திட்டினாலும், வெளியிலிருந்து மற்றவர்கள் பார்க்க முடியும் என்றால் அது பார்வைக்குட்பட்ட இடம்தான். 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வெளியார் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் நடந்தது இந்தப் பிரிவில் வராது என்று சொன்னது. புகார் எழுதும்போது சம்பவம் எங்கே நடந்தது, யார் யார் பார்த்தார்கள் என்று எழுதாமல் விட்டால், உண்மையான வழக்கும் விழுந்துவிடும். மூன்று சொற்களை வாசிக்கத் தெரிவது இவ்வளவு முக்கியம்.

அதே சட்டத்தின் விதி 7, காவல் துணைக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும் என்கிறது. அங்கே இருக்கும் சொல் 'ஷல்', 'மே' அல்ல. பள்ளியில் துணைவினை என்று இரண்டையும் ஒரே பட்டியலில் படிக்கிறோம். ஒன்று செய்தே ஆக வேண்டும் என்கிறது, மற்றொன்று செய்யலாம் என்கிறது. 1892இல் டிரெமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு வந்த அரசாணையின்படி கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது. 'தவிர' என்ற அந்த ஒரு சொல்லுக்காக 1994இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் கொடுத்தார்கள்.

செயப்பாட்டு வினையைப் பாருங்கள். 'வீடுகள் எரிக்கப்பட்டன', 'இளைஞர் தாக்கப்பட்டார்' என்று செய்தி வரும். யாரால்? ஆங்கிலத்தில் 'பை' போட்டு வர வேண்டிய பகுதி வராது. செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்று என்ற பயிற்சியை நாளிதழை வைத்துச் செய்யுங்கள். எழுவாயைத் தேடும்போதுதான் யார் மறைக்கப்பட்டார் என்பது தெரியும்.

நம்மைப் பற்றி எழுதியவை

நான் சமூகவியல் முதுகலை படித்தபோது பாடத்தில் துய்மோன் இருந்தார், எம்.என். சீனிவாஸ் இருந்தார். அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் சாதியைப் பற்றி வாசித்த கட்டுரை பாடத்தில் இல்லை. நானாகத் தேடித்தான் படித்தேன். அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு புத்தகம். மைக்கேல் மொஃபாட் என்ற அமெரிக்க மானுடவியலாளர் செங்கல்பட்டு மாவட்டம் எண்டவூர் சேரியில் ஆய்வு செய்து 1979இல் வெளியிட்டது. தீண்டாமைக்கு உட்பட்டவர்களும் சாதி அமைப்பின் மதிப்பீடுகளை ஏற்றுக்கொள்கிறார்கள், தங்களுக்குள்ளேயே அதைத் திரும்பச் செய்கிறார்கள் என்பது அவர் வாதம். உலகம் முழுக்க இருக்கிற சமூகவியல் மாணவர்கள் அதைப் படித்தார்கள். மறுத்து எழுதியவர்களும் உண்டு. ஆனால் அந்த விவாதம் நடந்த மொழி எந்தத் தெருவைப் பற்றி நடந்ததோ அந்தத் தெருவுக்கு எட்டாத மொழி. 'நாங்கள் ஒத்துக்கொண்டோமா?' என்று திருப்பிக் கேட்கவாவது அதை வாசிக்க வேண்டும்.

ஆங்கிலம் தெய்வமா?

உத்தரப் பிரதேசத்தில் சந்திரபான் பிரசாத் ஆங்கிலத்துக்குத் தேவி உருவம் கொடுத்தார். 2010இல் பங்கா என்ற கிராமத்தில் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். தேவி கையில் பேனா, காலடியில் கணினி. அதற்குப் பின்னால் இருக்கும் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கும்பிடுவதற்கு நமக்குப் புதிதாக ஒரு தெய்வம் தேவையில்லை. மேல்மலையனூருக்குப் போகிற கூட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நமக்கு அம்மன் போதும். ஆங்கிலம் ஒரு கருவி.

தமிழுக்கு இது விரோதமா என்று கேட்பார்கள். அயோத்திதாசர் 1907இல் தொடங்கியது 'ஒரு பைசாத் தமிழன்'. சீனிவாசன் தன் வாழ்க்கையை எழுதியது தமிழில். அவர்களுக்கு இல்லாத சண்டை நமக்கு எதற்கு? தமிழில் நன்றாக வாசிக்கிற பிள்ளைக்குத்தான் ஆங்கிலமும் விரைவில் வரும். 2012க்குப் பிறகு அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. நம் தாய்மார்கள் பிள்ளைகளை அதில் சேர்க்கிறார்கள் என்றால் அதை மோகம் என்று சொல்லக் கூடாது. எது கதவைத் திறக்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பெயர்ப்பலகை மாறியதாலே மொழி வந்துவிடாது. அறிவியலை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு அறிவியலும் இல்லை, ஆங்கிலமும் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. தமிழ் வழியோ ஆங்கில வழியோ, ஆங்கிலத்தை ஒரு மொழியாக ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள் என்பதே நம் கோரிக்கை.

நாம் செய்யக்கூடியது

அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நம் தெருவில் சமுதாயக் கூடமோ அம்பேத்கர் மன்றமோ இருக்கிறது. ஒரு விளக்கு, ஒரு கரும்பலகை, கல்லூரியில் படிக்கும் இரண்டு பேர் போதும். வாரத்துக்கு மூன்று மாலை. முதல் நாள் ஒரு விதி, தமிழில் விளக்கம், பத்து வாக்கியம். இரண்டாம் நாள் வாசிப்பு. மூன்றாம் நாள் மொழிபெயர்ப்பு, ராம்ஜி வீட்டில் நடந்த மாதிரி இரண்டு பக்கமும்.

எதை வாசிப்பது? அம்பேத்கரின் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வைச் சொல்வேன். இருபது பக்க அளவில் சிறிய நூல். வாக்கியங்கள் நேரானவை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அகராதியோடு படித்துவிடும். அதில் 1934இல் தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கப் போனபோது அங்கிருந்த குளத்தில் கை கால் கழுவியதற்காக அவரும் தோழர்களும் அவமதிக்கப்பட்டதை எழுதியிருக்கிறார். அதைப் படித்த வாரமே பிள்ளைகளைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போங்கள். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த கோட்டை அது. அங்கே இருக்கிற ஆங்கிலப் பலகைகளை வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது, யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது அரசமைப்புச் சட்டம். வாரம் ஒரு பிரிவு. 17ஆம் பிரிவு இரண்டு வாக்கியம்தான். 15(4) தமிழ்நாட்டுக் கதை. செண்பகம் துரைராஜன் வழக்குக்குப் பிறகு 1951இல் சேர்க்கப்பட்டது. எதுவும் அரசைத் தடுக்காது என்று அது இரட்டை எதிர்மறையில் பேசுகிறது. ஏன் அப்படி எழுதினார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது இலக்கணமும் வரும், இட ஒதுக்கீட்டு வரலாறும் வரும்.

பேசக் கூச்சப்படுகிற பிள்ளைகளை விட்டுவிடுங்கள். முதலில் வாசிக்கட்டும், எழுதட்டும். உள்ளே சேர்ந்த பிறகு பேச்சு தானாக வெளியே வரும். 'பட்லர் இங்கிலீஷ்' என்று யாராவது சிரித்தால், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள் என்று சொல்லுங்கள்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் மாலைப் பாடத்துக்கு வர விரும்பும் மாணவர்கள் தோழர்களிடம் பெயர் கொடுக்கலாம். சொல்லித்தர வரக்கூடிய கல்லூரி மாணவர்களும் பெயர் கொடுங்கள். முதல் மாதம் நான் வருகிறேன். பழைய இலக்கணப் புத்தகம், அகராதி வீட்டில் இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள்.